அவனைத் தவிர எல்லோரும் நலமா

ஜனவரி 9

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

நான் நலம். நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் நலமா? அவனைத் தவிர எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். அவனுக்கு நோய் நொடி ஏதாவது வந்திருந்தால் அதையும் மறக்காமல் எழுது, கேட்டுச் சந்தோஷப்படுகிறேன்.

இங்கே கறிக் கம்பெனியில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கெல்லாம் இலவசமாக ஸ்கேன் எடுத்தார்கள். நோய் வருவதற்கு முன்பே பிடித்துவிடுவார்களாம். தினமும் கொக்கியில் தொங்கும் ஆட்டை அறுக்கிற என்னையே பலகையில் படுக்கவைத்து ஒரு வளையத்துக்குள் தள்ளினார்கள். நுரையீரல் சுத்தம், இதயம் சுத்தம், கல்லீரலில் மட்டும் கொஞ்சம் கொழுப்பு. தப்பித்தோம் என்று சட்டையை மாட்டினால், டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டாள்.

“உங்கள யாராவது சுட்டாங்களா?”

“சுடல டாக்டர். குத்தினாங்க.”

“யாரு?”

“தங்கச்சியோட கொழுந்தன்.”

“அப்ப எந்த ஆஸ்பத்திரியில காட்டினீங்க?”

“மாட்டு டாக்டர்கிட்ட.”

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், அதனால் எங்கள் கறிக்கடைக்கு ஆடு பார்க்க வருகிற டாக்டரையே வைத்துத் தைத்தோம் என்று சொன்னேன். பிறகு படத்தைக் காட்டினாள். இடது தோள்பட்டை எலும்புக்கும் விலாவுக்கும் நடுவில் பளீரென்று ஒரு வெள்ளைத் துண்டு. கத்தி முனை. மாட்டு டாக்டர் மேலே தைத்தார், உள்ளே பார்க்கவில்லை.

அவன் என்னைக் குத்தினான் என்று தெரியும். முனையை உள்ளேயே விட்டுப் போனான் என்று இப்போதுதான் தெரிகிறது. இத்தனை வருஷமாக என் முதுகில் குடியிருந்திருக்கிறான், வாடகைகூடத் தராமல். அன்றைக்கு மூன்று விரலோடு விட்டுவிட்டேனே என்று பல்லைக் கடிக்கிறேன். மணிக்கட்டோடு எடுத்திருக்க வேண்டும்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. “தேடாம கிடைச்ச பொருள். உடனே கத்தியத் தூக்கினா, அது செய்யாத கெடுதல நாம செஞ்சிடுவோம். மூணு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுப்போம். அசையலன்னா அது பாட்டுக்குக் கிடக்கட்டும்” என்றாள். எனக்கோ இன்றைக்கே பிடுங்கி எறிய வேண்டும் போலிருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

இப்படிக்கு,
முதுகில் இரும்போடு உன் அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அவர் தம்பியும் நலம். உனக்குக் கசந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

பதில் தாமதம். கடையில் வேலை, சின்னவனுக்குக் காய்ச்சல். போனில் கூப்பிடலாம் என்று இரண்டு முறை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். “போன்ல பேசினா ரெண்டு பேரும் வெட்டிக்குவீங்க. எழுதுங்க. பாதிக் கோவம் பேனாவுலயே தீந்துடும்” என்று அம்மா சாகும்போது சொன்னது ஞாபகம் வந்தது.

அண்ணா, அதைத் தொடாதே. டாக்டரம்மா சொல்வதுதான் சரி. இத்தனை வருஷம் சும்மா இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி ஆகாதே. எதிர்வீட்டுத் தையல்காரர் சின்னக் கட்டி என்று போய் முதுகைத் திறந்தார், இப்போது ஒரு கை தூக்க வரவில்லை. கை போனால் உன் பிழைப்பு என்ன ஆகும்?

ஒன்று கேட்க வேண்டும். படத்தில் அந்தத் துண்டு எப்படித் தெரிகிறது? வெறும் வெள்ளையாகவா, இல்லை என்ன மாதிரிக் கத்தி என்றெல்லாம் தெரியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

தம்பியைப் பற்றி அப்படி எழுதாதே. அவன் இப்போது கல்லாவில் உட்கார்கிறான். மீதி இருக்கிற இரண்டு விரலாலேயே சில்லறை எடுத்துக் கொடுக்கிறான். யாரிடமும் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. வேளைக்குச் சாப்பிடு. பளுத் தூக்காதே.

உன் தங்கை


மார்ச் 8

பாப்பாவுக்கு,

நலம். மாப்பிள்ளை நலமா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா? அந்த மொட்டைக்கை நலம் என்று நீயே எழுதி என் ஒரு நாள் சாப்பாட்டைக் கெடுத்துவிட்டாய்.

படத்தில் வெறும் வெள்ளைதான். அதைக் கேட்டு உனக்கு என்ன ஆகப்போகிறது?

இங்கே ஒரு கூத்து. வரிசையில் என் பக்கத்துக்குப் புதிதாக ஓர் இடக்கைக்காரன் வந்திருக்கிறான். அவன் கத்தியைத் தவறி எடுத்து ஒரு தொடையை அறுத்தேன். கத்தி எலும்பை விட்டு வெளியே ஓடி என் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. உடனே உன் ஞாபகம். நம் கடையில் எல்லாக் கத்தியும் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டுவது. எங்கள் எல்லோருக்கும் வலப்பக்கம், உனக்கு மட்டும் அப்பா தனியாக இடப்பக்கம் தீட்டுவார். உன் கத்தியை எடுத்தவனெல்லாம் கோணலாக வெட்டி அப்பாவிடம் உதை வாங்குவான். “என் கத்திய எவனும் தொட முடியாது” என்று நீ ஆடுவாயே. அது இன்னும் இருக்கிறதா?

முதுகு வலிக்கவில்லை. ஆனால் அங்கே இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் அந்த மத்தியானம்தான். கடையில் கூலிக்கு வெட்ட வந்தவன் என் தங்கையைக் கட்டிக்கொண்டான் என்று கேட்டு நான் பின்னறைக்குள் பாய்ந்தேன். மாப்பிள்ளையைத் தோல் குவியல்மேல் தள்ளி, நெஞ்சில் முட்டியை ஊன்றி, இரண்டு கட்டைவிரலையும் தொண்டைக்குழியில் வைத்து அழுத்தினேன். அவர் நாக்கு வெளியே வந்தது. கண் மேலே சொருகியது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் முடிந்திருக்கும். அப்போதுதான் முதுகில் இறங்கியது. பொறுக்கி, பின்னாலிருந்து குத்தினான். திரும்பிப் பார்க்கும்போது அவன்தான் வாசலில் நின்றான்.

எந்தக் கத்தியால் குத்தினான் என்று பார். கடையில் முனை உடைந்த கத்தி ஏதாவது இருந்தால் எடுத்து வை. அப்பா வாங்கிய கத்தியால் என்னைக் குத்தியிருந்தால் அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 30

அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

பழைய கத்தி எதுவும் இங்கே இல்லை. எல்லாம் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாயிற்று. கட்டைவிரலுக்கு மருந்து போடு. ஸ்கேன் எடுத்ததும் எழுது.

தங்கை


ஏப்ரல் 22

பாப்பா,

நலம் என்று எழுத முடியவில்லை. நீங்கள் நலமா? அவனைத் தவிர.

போன வாரம் வரிசையில் நிற்கும்போது இருமினேன். வெள்ளைத் தரையில் ரத்தம். ஆட்டு ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, “இது உன்னோடதுப்பா” என்றார். ஒரு பார்வையில் சொல்லிவிட்டார், எத்தனை வருஷ அனுபவம்!

இன்னொரு படம் எடுத்தார்கள். துண்டு நகர்ந்திருக்கிறது. விலாவுக்கு இடையில் நுழைந்து நுரையீரலைத் தொடுகிறது. பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய். டாக்டரம்மா இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினாள். “அன்னைக்கு விடலாம்னு சொன்னேன். அன்னைக்கு அது சரி. இன்னைக்கு எடுக்கணும்னு சொல்றேன். எடுக்கும்போதும் ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். எடுக்காம விட்டா அது எந்த நாள் எதை அறுக்கும்னு எனக்குத் தெரியாது. வீட்டுல கலந்து பேசிட்டு வாங்க” என்றாள்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும். நீதான் வீடு. நீ தொடாதே என்று எழுதியிருந்தாய். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இப்போதும் அப்படித்தான் சொல்கிறாயா? நீ வேண்டாம் என்றால் வேண்டாம். எத்தனையோ கழுத்தை அறுத்திருக்கிறேன், என் முதுகில் ஒருத்தர் கத்தி வைக்கப்போகிறார் என்றால் பயமாக இருக்கிறது. சிரிக்காதே.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எடுத்துப் பிழைத்தேன் என்றால், அந்தத் துண்டோடு நேராக அங்கே வருவேன். அவன் முடியைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்து, அதே முனையை அவன் தொண்டையில் இறக்குவேன். ஜெயிலோ தூக்கோ, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணன்


ஏப்ரல் 27

அண்ணா,

எடுத்துவிடு. நாளைக்கே போ. யோசிக்காதே.

நான் முன்னால் எழுதியதை எல்லாம் கிழித்து அடுப்பில் போடு. அது உனக்காக எழுதியதில்லை. நீ சாகக்கூடாது. எனக்கு வேறு எதுவும் இப்போது முக்கியமில்லை.

எடுத்த பிறகு அந்தத் துண்டைக் கேட்டு வாங்கு. கையில் வைத்து நன்றாகப் பார். அப்பா பார்க்கிற மாதிரி பார். பார்த்த பிறகு உனக்கு என்ன தோன்றுகிறதோ செய். நான் எங்கேயும் ஓடமாட்டேன், கடையில்தான் இருப்பேன்.

தம்பியைத் தொடாதே.

தங்கை


மே 19

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

பிழைத்துவிட்டேன். விலாவை விரித்து எடுத்தார்களாம். கண் விழித்தபோது நெஞ்சிலிருந்து ஒரு குழாய், அதன் வழியே ரத்தமும் நீரும் பாட்டிலுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்டதும் ஒரு டப்பியில் போட்டுத் துண்டைக் கொடுத்தார்கள். சுண்டுவிரல் நகம் அளவு. கறுத்துப் போயிருந்தது. முனையை எனக்கு எதிர்ப்பக்கமாகவும் அறுக்கிற விளிம்பைக் கீழாகவும் பிடித்துப் பார்த்தேன். அப்பா பார்க்கிற மாதிரி. வலப்பக்கம் தட்டை. இடப்பக்கம் சரிவு.

டப்பியைச் சுவரில் அடித்தேன். தண்ணீர் ஜாடியை அடித்தேன். எழுந்து நிற்கப் போய்க் குழாய் பிடுங்கிக்கொண்டு தரையெல்லாம் ரத்தம். நாலு பேர் சேர்ந்து என்னைக் கட்டிலோடு கட்டினார்கள். நான் உன்னைத்தான் திட்டினேன், தெருவில் போகிறவனுக்கும் கேட்கும்படி. உன்னைக் கொன்றுவிடுவேன் என்று கத்தினேன். ஊசி போட்டுத் தூங்கவைத்தார்கள்.

விழித்தபோது இன்னொன்று ஞாபகம் வந்தது. அது இதைவிட மோசம்.

தையல் பிரித்த மறுநாள் நான் கடைக்கு வந்தேன். “எவன்டா என்னைக் குத்தினது?” என்று கேட்டேன். அவன் முன்னால் வந்து, “நான்தான்” என்றான். மீசைகூடச் சரியாக முளைக்காத பயல். கையைப் பிடித்து இழுத்துக் கட்டையில் வைத்தேன். அவன் இழுத்துக்கொள்ளப் பார்த்தான். முழங்கையை முட்டியால் மிதித்துக்கொண்டு பெரிய கத்தியைப் போட்டேன். விரல் மூன்றும் தனியே போய் மரத்தூளில் விழுந்தன. ஒன்று கொஞ்ச நேரம் மடங்கி நிமிர்ந்தது. அவன் முதலில் கத்தவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கத்தினான். எல்லோரும் ஓடி வந்தார்கள்.

நீ ஓடி வரவில்லை. நீ முதலிலிருந்தே அங்கே இருந்தாய். கட்டைக்கு அந்தப் பக்கம் நின்றாய். உன் இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. வாய் மூடியிருந்தது.

அவன் தெரிந்தே பொய் சொன்னான். நீ தெரிந்தே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் ஒருத்தன்தான் எதுவும் தெரியாமல் வெட்டினேன். என்னைக் குத்தியதை விடு. ஒரு வார்த்தை, “அண்ணா நான்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கை முழுசாக இருந்திருக்கும். இத்தனை வருஷமாக ‘அவனைத் தவிர’ என்று எழுதினேனே, எந்தக் கையால் அதைப் பிரித்துப் படித்தாய்?

பதில் எழுது.


ஜூன் 14

பதில் இல்லை. இருக்காது என்று தெரியும்.

தையல் ஆறிவிட்டது. பஸ்ஸில் உட்காரலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். ஜூலையில் வருகிறேன். உன்னை அடிக்க இல்லை. அந்தக் கட்டையில் என் வலது கையை வைக்கிறேன். அவன் வெட்டட்டும். அவன் மாட்டேன் என்றால் நீ வெட்டு, உனக்குப் பழக்கம்தானே. இரண்டு பேரும் மாட்டேன் என்றால் நானே வெட்டிக்கொள்கிறேன். இடது கையால் எனக்கு வராது, கோணலாகப் போகும். போகட்டும்.

பெரிய கத்தியைத் தீட்டி வை.

அண்ணன்


ஜூன் 26

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நான் அண்ணியின் கொழுந்தன். எழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும். உங்கள் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

அண்ணி எழுதச் சொல்லவில்லை. உங்கள் மே மாதக் கடிதம் வந்த நாளிலிருந்து அவங்க சரியாகச் சாப்பிடுவதில்லை. கடைப்பக்கம் வருவதில்லை. பின்னறையில் உட்கார்ந்து ஒரு கத்தியைத் தீட்டிக்கொண்டே இருக்கிறாங்க. முனை உடைந்து குட்டையான கத்தி. இரும்புக்காரனுக்குப் போடவே இல்லை, இத்தனை வருஷமும் அதை வைத்துத்தான் வேலை செய்தாங்க. போன வாரம் என் அண்ணன் அதைப் பிடுங்கப் போய் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டார். உங்களுக்காகத் தீட்டுகிறாங்களா, தனக்காகத் தீட்டுகிறாங்களா என்று எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டில் ராத்தூக்கம் போய்விட்டது.

நீங்கள் என்னைத் தியாகி என்று நினைத்துக்கொண்டு வர வேண்டாம். ‘நான்தான்’ என்று சொன்னபோது நாலு அறை விழும், ஒரு பல் போகும் என்றுதான் நினைத்தேன். விரல் போகும் என்று தெரிந்திருந்தால் அண்ணியைக் கைகாட்டிவிட்டு ஓடியிருப்பேன். இது சத்தியம். வெட்டியபிறகு யார் குத்தினார்கள் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது, விரல் முளைக்குமா? சொல்லியிருந்தால் நீங்கள் இன்னொரு கையைத் தேடியிருப்பீர்கள். அண்ணி ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை உங்களுக்கு எழுத உட்கார்ந்தாங்க. நான்தான் வேண்டாம் என்று பேனாவைப் பிடுங்கினேன்.

பனி நாளில் இல்லாத விரல் வலிக்கும். அப்போது உங்களை, உங்கள் பரம்பரையை, உங்களைத் தைத்த மாட்டு டாக்டரைக்கூட வாய்க்கு வந்தபடி திட்டுவேன். கொஞ்சம் வலி குறையும். உங்கள் கையை வெட்டினால் அதுவும் போய்விடும். உங்கள் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, எடை போட்டா விற்க முடியும்? அந்தக் கட்டையும் இப்போது இல்லை. எப்போதோ பிளந்து அடுப்பில் வைத்துவிட்டோம்.

உங்கள் கடிதம் வந்தால் அண்ணி எல்லோருக்கும் சத்தமாக வாசிப்பாங்க. முதல் வரியில் ஓர் இடத்தை மட்டும் விழுங்கிவிடுவாங்க. நான் பிறகு எடுத்துப் படித்துக்கொள்வேன்.

வராதீர்கள் மச்சான். எழுதுங்கள், அண்ணிக்கு.

இப்படிக்கு,
அந்த மொட்டைக்கை


ஜூலை 11

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

அவன் நலமா? விழுங்காமல் வாசி, அவனும் கேட்கட்டும். அவன் நலமா? மாப்பிள்ளைக்கு உள்ளங்கை ஆறிவிட்டதா? அதற்குப் பிறகு நீ.

நான் வரவில்லை. அவன் சொன்னதற்காக மட்டும் இல்லை. அங்கே வந்து உன்னையும் கத்தியையும் ஒரே அறையில் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

டாக்டரம்மாவிடம் பழைய படத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். தோள்பட்டை எலும்பில் முனை மோதிய தழும்பு இருக்கிறது. அதில் பட்டுத்தான் உடைந்திருக்கிறது. எந்த விலாவுக்கு நடுவில் இறக்கினால் ஆடு காலை உதறாமல் சாயும் என்று அப்பா உனக்கும்தான் சொல்லிக்கொடுத்தார். எனக்கு முன்னால் நீதான் அதைக் கற்றுக்கொண்டாய். எலும்பைப் பார்த்துக் குத்தியவள் கொல்ல வந்தவள் இல்லை. உன் புருஷன் நாக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் விலாவுக்கு நடுவில்தான் இறக்கியிருப்பேன். அந்தக் குத்துக்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கத்தியைக் கீழே போடு.

விரல் விஷயம் வேறு. நீ வாயைத் திறக்கவில்லை, நான் கத்தியை இறக்கினேன். அதை நான் உனக்கு மன்னிக்க முடியாது, நீ எனக்கு மன்னிக்க முடியாது. மன்னிக்க வேண்டியவன் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் நாம் இரண்டு பேரும் கேட்கவும் கூடாது. அவன் போடுகிற சோற்றை மறுக்காமல் சாப்பிடு, உன்னால் ஆனது அவ்வளவுதான்.

என்னால் ஆனதையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் வெளியே போனதும் கதவைச் சாத்திவிட்டு வலது கையை மேஜையில் வைத்தேன். விரலை விரித்தேன். இடது கையால் பெரிய கத்தியை ஓங்கினேன். இறங்கவில்லை. மறுபடி ஓங்கினேன். மூன்றாவது தடவை விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. கத்தியை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். மணி அடித்து எல்லோரும் திரும்பி வந்தார்கள். மேஸ்திரி, “என்னப்பா, உடம்பு முடியலையா?” என்று கேட்டார்.

என் கையில் இறங்காத கத்தி அவன் கையில் எப்படி இறங்கியது, பாப்பா?

அண்ணன்